கல் பள்ளிவாசலை இடித்துவிட்டுப் புதுசு கட்டலாமா?

கரையோரவாசி:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுடையது கடலை ஒட்டிய ஊர். பள்ளிவாசல் முழுக்கக் கல் கட்டடம்: வரிசையாகத் தூண்கள், மேலே கற்பலகைக் கூரை, குவிமாடம் கிடையாது. போன ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்ததும் ஜமாஅத் கூட்டம் நடந்தது. பழசை இடித்துவிட்டு நான்கு மினாரா, நடுவில் பெரிய குவிமாடம், இரண்டு மாடி என்று ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். பாதிப் பேர் அங்கேயே கைதூக்கிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் ஊர்களில் என்ன செய்தீர்கள்?

ஷார்ஜா மச்சான்:
வஅலைக்கும் ஸலாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பள்ளிவாசல் தொழுவதற்கு, போட்டோ எடுப்பதற்கு அல்ல. நானும் அந்த ஊர்தான், பள்ளியை எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஜும்ஆவுக்கு வந்து பாருங்கள். உள்ளே நிரம்பி, முற்றம் நிரம்பி, மிச்சப் பேர் ரோட்டில் தார்ப்பாய் விரித்து நிற்கிறார்கள். கூரை ஒழுகி முன் ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) வாளி வைத்திருக்கிறது. இன்னொன்று, தூண்களுக்கு நடுவே ஸஃப் அறுபடுகிறது. நபி காலத்தில் நாங்கள் அதைத் தவிர்த்து வந்தோம் என்று நபித்தோழர் அனஸ் (ரலி) சொன்ன ஹதீஸ் இருக்கிறதே, அதற்கு என்ன பதில்?

கரையோரவாசி:
அந்த ஹதீஸ் தெரியும் மச்சான். இட நெருக்கடி என்றால் பாதகமில்லை என்று சொன்ன உலமாக்களும் (மார்க்க அறிஞர்களும்) இருக்கிறார்கள். அதுவும் போக, மதீனாவில் நபியின் பள்ளியான மஸ்ஜிதுந் நபவியே முதலில் ஈச்ச மரத் தூணும் ஓலைக் கூரையும்தான். பிலால் (ரலி) பாங்கு சொல்ல மினாரா ஏது? ஒரு வீட்டுக் கூரைமேல் ஏறித்தான் சொன்னார். குவிமாடம் வைத்தால்தான் பள்ளிவாசல் என்ற எண்ணம் துபாய் காலண்டர் பார்த்து வந்தது.

பழங்கல்:
நான் ஊர் ஊராகப் போய்ப் பழைய கட்டடங்களைப் பார்க்கிறவன், தொழ வருகிறவன் இல்லை. அதனால் அளவோடு பேசுகிறேன். திருச்சி கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் சின்னதாக ஒரு கல் பள்ளி இருக்கிறது. அதிலுள்ள கல்வெட்டு ஹிஜ்ரி 116 என்கிறது, அதாவது கி.பி. 734. கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் தூண்களையும் அவற்றின் தலையில் உத்தரம் தாங்கும் போதிகைகளையும் பாருங்கள். பக்கத்தில்தான் வள்ளல் சீதக்காதி அடக்கமாகியிருக்கிறார். கோயில் வேலை தெரிந்த அதே கல்தச்சர்களின் கை அது. யாளியும் இல்லை, உருவமும் இல்லை, கொடியும் பூவும் மட்டும்தான். தமிழ் முஸ்லிம்களின் சொந்தக் கட்டடக்கலை இதுதான். டெல்லியிலிருந்தோ துருக்கியிலிருந்தோ வந்தது இல்லை.

கரையோரவாசி அனுப்பிய படத்தில் தூண்களுக்குப் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்திருக்கிறது. மிஹ்ராபுக்கு (தொழுகைத் திசையைக் காட்டும் மாடத்துக்கு) இடப்பக்கத் தூணில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்திருக்கிறது, அங்கே தாமரை இதழின் ஓரம் தெரிகிறது. இன்னும் எத்தனை தூணில் என்னென்ன இருக்கிறதோ, ஒழுங்காகச் சுரண்டிப் பார்க்காமல் ஜேசிபி விடப் போகிறார்களா?

ஷார்ஜா மச்சான்:
அண்ணே, நீங்கள் சொல்வதுதான் எனக்குப் பயமே. 'கோயில் வேலை' என்கிற அந்த வார்த்தை. காசி ஞானவாபி பள்ளிவாசல் வழக்கில் நடப்பதைப் பார்க்கிறோம். நாளைக்கு ஒருத்தன் தாமரைத் தூணைப் படம் எடுத்துப் போட்டு, இது எங்கள் கோயில் என்று கேஸ் போட்டால்? புதுக் கட்டடத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை.

பழங்கல்:
நேர் எதிர். பழைய கட்டடம்தான் உங்கள் ஆதாரம். மேற்குச் சுவரில் கட்டும்போதே வைத்த மிஹ்ராப், கை கால் கழுவும் ஹவுள் (தொட்டி), கல்வெட்டு, வக்ஃபு பத்திரம் எல்லாம் சேர்ந்து ஒரே கதையைச் சொல்லும். 1991 வழிபாட்டுத் தலங்கள் சட்டமும் 1947 ஆகஸ்ட் 15 அன்று வழிபாட்டுத் தலம் எதுவாக இருந்ததோ அதுவாகவே தொடரும் என்கிறது. இடித்துத் தள்ளினால் உங்கள் சாட்சியை நீங்களே அழிக்கிறீர்கள்.

பரங்கிப்பேட்டை லாத்தா:
காக்காமார்களே, ஒன்று கேட்கிறேன். தூணில் தாமரை இருக்கிறதா இல்லையா என்று இவ்வளவு பேசுகிறீர்கள். அந்தத் தூணை நான் எங்கே பார்ப்பது? அங்கே பெண்களுக்கு நுழையவே இடமில்லை. காயல்பட்டினத்தில் பெண்களுக்குத் தனித் தைக்காக்கள் (தொழுமிடங்கள்) இருக்கின்றன. எங்களுக்கு அதுவும் கிடையாது. அல்லாஹ்வின் பெண் அடியார்களைப் பள்ளிகளை விட்டுத் தடுக்காதீர்கள் என்ற ஹதீஸ் யாருக்கும் நினைவுக்கு வரவில்லையே. புது வரைபடத்தில் பெண்களுக்கு மாடி இருந்தால் என் ஓட்டு புதுசுக்குத்தான்.

கரையோரவாசி:
லாத்தா, வரைபடத்தில் மாடி இருக்கிறது, ஆனால் அதில் 'அலுவலகம், விருந்தினர் அறை' என்று எழுதியிருக்கிறார்கள்.

பரங்கிப்பேட்டை லாத்தா:
அப்படியா? அப்போ இரண்டு கட்சிக்கும் என் ஓட்டு இல்லை.

சித்தாள் முதல் இன்ஜினியர் வரை:
நான் கட்டட வேலைக்காரன். கூரை ஒழுகுவது கல்லின் குற்றமில்லை. பழைய சுண்ணாம்புத் தளத்தின் மேல் யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். அது வெடித்து உள்ளே போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லை. சிமெண்டைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர் போட்டுத் தளம் அடித்தால் ஒழுகல் நிற்கும். இன்னொன்று, கடல் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் எவ்வளவு சீக்கிரம் உதிர்கிறது என்று உங்கள் ஊரில் மாடி வீடு கட்டியவர்களைக் கேளுங்கள்.

இடத்துக்கு ஒரு வழி. கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆ மஸ்ஜிதில் பிற்காலத்தில் ஒட்டவைத்த காங்கிரீட் முகப்பையும் மினாராவையும் எடுத்துவிட்டார்கள். பழைய ஓட்டுக்கூரைத் தோற்றம் திரும்ப வந்தது. கூட்டத்துக்கு நிலத்தடியில் தொழுகைக்கூடம் கட்டினார்கள்.

ஷார்ஜா மச்சான்:
நிலத்தடியா! எங்கள் ஊரில் ஆறடி தோண்டினால் தண்ணீர். தொழுகைக்கூடம் இல்லை, இன்னொரு ஹவுள்தான் கிடைக்கும்.

சித்தாள் முதல் இன்ஜினியர் வரை:
ஒத்துக்கொள்கிறேன், அது உங்களுக்கு ஆகாது. ஆனால் கிழக்கு முற்றம் இருக்கிறதே. பழைய பள்ளியைத் தொடாமல் அங்கே இரண்டு தளம் எழுப்பலாம். பள்ளியின் உயரத்தைத் தாண்டாமல் கட்டினால் பார்க்கவும் கெடாது. மேல் தளம் பெண்களுக்கு, தனிப் படிக்கட்டோடு. இதை வரைபடத்திலேயே எழுதி ஜமாஅத்தில் கையெழுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் அதுவும் விருந்தினர் அறையாகிவிடும்.

ஷார்ஜா மச்சான்:
முற்றத்தில் கட்டினால் நோன்புக் கஞ்சி எங்கே காய்ச்சுவது? ரமலான் முழுக்க அஸர் (மாலைத் தொழுகை) நேரத்துக்கு முன்பே தூக்குவாளியோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பது அங்கேதான். எல்லா மதத்துக்காரர்களும் வந்து வாங்கிப் போகிறார்கள். அதையும் யோசித்துச் சொல்லுங்கள். அப்புறம், வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் பணம் அனுப்பப் போவது குவிமாடப் படத்தைப் பார்த்துத்தான். சுண்ணாம்புத் தளத்துக்கு எவன் சந்தா தருவான்?

கரையோரவாசி:
ஆக, பிரச்சினை ஸஃப்பும் இல்லை, ஒழுகலும் இல்லை. அதைச் சொல்ல இவ்வளவு நேரமா மச்சான்?

ஷார்ஜா மச்சான்:
ஒழுகலும்தான். அதை முதலில் நிறுத்திக் காட்டுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இருக்கிறார்கள் என்று கேள்வி. யாருக்காவது பழக்கம் இருந்தால் கூட்டிவந்து கூரையைக் காட்டுங்கள், செலவு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அந்தச் செலவில் என் பங்கைத் தந்துவிடுகிறேன். அடுத்த மழைக்கும் வாளி வைத்தால் நான் இடிக்கும் கட்சிதான்.