கிரீடம் இல்லாத தொப்பிச் சின்னத்தின் காலத்தைக் கணிப்பது எப்படி?

கேள்வி (புதிய சேகரிப்பாளர்):

அனைவருக்கும் வணக்கம். நான் லண்டனில் வசிக்கிறேன். சென்ற மாதம் இங்குள்ள பழம்பொருள் சந்தையில் பிரிட்டிஷ் இராணுவத் தொப்பிச் சின்னம் ஒன்றை வாங்கினேன். கொழுந்துவிட்டு எரியும் எறிகுண்டின் வடிவம். குண்டின் மேல் ஒரு புலி, அதற்குக் கீழே ஒரு யானை. அடியில் வளைந்த பட்டையில் ‘ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துகள். முதல் உலகப் போர்க் காலத்தது என்று விற்றவர் சொன்னார். கிரீடத்தின் வடிவத்தைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம் என்று படித்திருக்கிறேன், ஆனால் இதில் கிரீடமே இல்லை. வேறு எதை வைத்துக் கணிப்பது? அயர்லாந்துப் படைக்குப் புலியும் யானையும் எப்படி வந்தன என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (படைவரலாற்று வாசகர்):

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் முதல் கேள்விக்கான பாதி விடை அதற்குள் இருக்கிறது. 1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் 102ஆம் எண் ராயல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ், 103ஆம் எண் ராயல் பம்பாய் ஃபியூசிலியர்ஸ் ஆகிய இரண்டு படைகளை இணைத்து உருவாக்கியதுதான் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ். இரண்டுமே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் திரட்டிய ஐரோப்பியப் படைகளின் வழிவந்தவை. ஆகவே புலியும் யானையும் டப்ளினுக்குப் போனவை, அங்கே பிறந்தவை அல்ல. சென்னை மவுண்ட் ரோட்டில் நின்று, 1927இல் போராட்டத்துக்கு உள்ளாகி, 1937இல் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்ட நீல் சிலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நீல் இந்த மெட்ராஸ் படையின் அதிகாரிதான். 1857 கிளர்ச்சியின்போது அவருடைய வீரர்கள் தொப்பிக்கு அணிந்த நீல உறையால் ‘நீலத் தொப்பிகள்’ என்ற பெயர் அப்படைக்கு நிலைத்துவிட்டது.

அயர்லாந்து பிரிந்ததைத் தொடர்ந்து 1922இல் இந்தப் படை கலைக்கப்பட்டது. எனவே உங்கள் சின்னம் அசலானால் 1881க்கு முன்பும் 1922க்குப் பின்பும் இருக்க முடியாது. புலி மட்டும் இருந்து யானை இல்லையென்றால் அது ராயல் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் சின்னமாக இருக்கும். விற்பவர்கள் இரண்டையும் அடிக்கடி குழப்புகிறார்கள்.

கிரீடம் உள்ள சின்னங்களுக்கு நீங்கள் சொன்ன வழி பொருந்தும். 1901 வரை விக்டோரியா கிரீடம். அதன்பின் 1952 வரை, வளைவுகள் மேல்நோக்கிக் குவிந்த டியூடர் கிரீடம். எலிசபெத் காலத்தில், வளைவுகள் நடுவில் தாழ்ந்த புனித எட்வர்டு கிரீடம். எல்லைக்கோட்டு ஆண்டுகளில் பழைய இருப்பு தீரும்வரை பழையதையே அணிந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பதில் 2 (முப்பது ஆண்டுச் சேகரிப்பாளர்):

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் 1881 முதல் 1922 வரை என்ற எல்லை அசலுக்குத்தான் பொருந்தும். கலைக்கப்பட்ட ஐரிஷ் படைகளின் சின்னங்களுக்குக் கிராக்கி அதிகம் என்பதால் போலிகளும் மறுஅச்சுகளும் (பழைய அச்சைக் கொண்டு பின்னாளில் அடித்தவை) ஏராளமாக வருகின்றன. தயவுசெய்து சின்னத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை எவரும் அழகாகச் செய்துவிடலாம். பின்பக்கத்தில் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வதில்லை.

அசல் சின்னம் தகட்டின் மேல் அச்சை அடித்து எடுத்தது. ஆகவே முன்னால் மேடாக உள்ள புலியின் உடல் பின்னால் பள்ளமாக, அதே வடிவில் தெரிய வேண்டும். பின்பக்கம் தட்டையாகவோ, மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பாகவோ, ஊசிமுனைத் துளைகளோடோ இருந்தால் அது வார்ப்பு. வார்ப்பு ஆறும்போது சுருங்குவதால், அசலோடு சேர்த்து வைத்தால் சற்றே சிறியதாகவும் இருக்கும். அடுத்து, சின்னத்தைத் தொப்பியில் செருகும் நீண்ட பட்டையான ஸ்லைடரைப் பாருங்கள். பழைய தொப்பிச் சின்னங்களில் அதற்குப் பதிலாகப் பின்னால் இரண்டு வளையங்களே இருந்தன. ஸ்லைடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் பரவலானது. வளையம் இருப்பதால் மட்டும் பழையது என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் பின்னாளிலும் வளையம் வைத்தார்கள்.

மறுஅச்சு என்பது இன்னும் சிக்கலானது, ஏனெனில் அதுவும் அச்சில் அடித்ததுதான். தேய்ந்த பழைய அச்சாக இருந்தால் யானையின் கண், புலியின் கோடுகள் போன்ற நுண்ணிய இடங்கள் மழுங்கியிருக்கும். ஆனால் பல ஆண்டுகள் மெருகு போட்டுத் தேய்த்த அசலும் மழுங்கும். வேறுபாடு இதுதான்: கையால் தேய்ந்தால் மேடுகள் மட்டும் வழவழப்பாகும், பள்ளங்கள் கூர்மையாகவே நிற்கும்; அச்சு தேய்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே மங்கும். தயாரிப்பாளர் முத்திரையைக் கண்டு மயங்காதீர்கள், போலிகளிலும் பெயர் பெற்ற முத்திரைகளைக் குத்துகிறார்கள். பிளாஸ்டிக்கிலோ நிறமேற்றிய அலுமினியத்திலோ இந்தப் படையின் சின்னம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்: அவை இரண்டாம் உலகப் போரிலும் அதற்குப் பின்னரும் வந்த வழக்கங்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் புலியும் யானையும் பள்ளமாகத் தெரிகின்றன. ஸ்லைடரின் கீழ்முனை சற்று வளைந்திருக்கிறது. அது பற்றவைத்த இடத்தைச் சுற்றிப் பச்சைக் களிம்பும், காய்ந்த வெள்ளைப் பொடியும் படிந்துள்ளன. புலியின் முதுகு வழவழப்பாக உள்ளது, ஆனால் தீக்கொழுந்துகளின் இடையிலுள்ள கோடுகள் தெளிவாக இருக்கின்றன. களிம்பைப் புளி போட்டுத் துலக்கிவிடலாமா?

பதில் 2 (முப்பது ஆண்டுச் சேகரிப்பாளர்):

வேண்டாம், தயவுசெய்து துலக்காதீர்கள்! அந்த வெள்ளைப் பொடி மெருகுப் பசையின் மிச்சமாக இருக்கலாம், அப்படியானால் சின்னத்தை உண்மையில் அணிந்து மெருகிட்டு வந்தார்கள் என்பதற்கு உங்களிடம் உள்ள மிக நல்ல சாட்சி அதுவே. துலக்கினால் திரும்பக் கிடைக்காது. உலர்ந்த மென்துணியால் தூசியை மட்டும் துடைத்து, அமிலமற்ற தாளில் சுற்றி ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நீங்கள் விவரித்தபடியே இருந்தால், ஏறத்தாழ 1900களின் தொடக்கத்திற்கும் 1922க்கும் இடைப்பட்ட அசல் என்றே கொள்கிறேன். அதைப் போர்க்காலம் என்று மேலும் குறுக்குவதற்குச் சின்னம் மட்டும் போதாது. வீரரின் பெயரோடு ஒரு பதக்கமோ, சேவைத் தாளோ சேர்ந்து வந்திருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். பின்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுத்து இங்கே இடுங்கள், பற்றவைத்த இடத்தை நான் பார்க்க வேண்டும்.