போலேரோ பிக்கப்பில் வின்ச் மவுண்ட்: செய்தவர்கள் யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்வரும் போலேரோ பிக்கப் என்னுடையது. மழைக்காலத்தில் சேற்றில் இறங்கினால் இழுக்க ஜீப் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் 9,500 பவுண்டு இழுவை உள்ள வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் கருவி) வாங்கிவிட்டேன். அதை வண்டியின் முன்னால் பொருத்தும் மவுண்டை (தாங்கியை) ஊர்ப் பட்டறையில் செய்யப் போகிறோம்.

மவுண்டுக்கு இரும்புத் தட்டு 6 மி.மீ. கனம் போதுமா, 8 வேண்டுமா? முழு இழுவையில் சுமார் 4.3 டன் வரும், பம்பர் தாங்காது, சேசிஸில்தான் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பிடிக்க வேண்டும். வெல்டர் அண்ணன் நேராகப் பற்றவைத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசில்லை, சூடு பட்ட இடத்தில் பின்னால் விரிசல் விடலாம். 8.8 கிரேடு (அதிக வலுவுள்ள) போல்ட் போட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தால் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கும் நேரத்திலும் தொல்லை குறைவு.

போல்ட் எங்கெங்கே போட்டீர்கள்? ரேடியேட்டருக்குக் காற்று மறைக்கிறதா? படம் இருந்தால் இன்னும் நல்லது.