முட்டை ரோல்ஸ் வெடிக்குது, தூள் கருகுது: நுவரெலியா குளிர்ல 40 ரோல்ஸ் செய்றது எப்படி?

கொழுந்துக்கூடை (நுவரெலியா)

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோட பிறந்தநாளுக்கு 40 முட்டை ரோல்ஸ் வீட்டிலேயே செய்யணும். பேக்கரியில விக்கிற மாதிரி: மெல்லிசான பான்கேக், உள்ளுக்கு உருளைக்கிழங்கும் அவிச்ச முட்டையும், வெளியில ரஸ்க் தூள். பரோட்டாவுல சுத்துற ரோல் இல்லை.

மூணு இடத்துல சிக்கல். சுருட்டும்போது பான்கேக் மடிப்புல கிழியுது. பொரிக்கும்போது நாலுக்கு ஒண்ணு வாய் திறந்து கிழங்கு எண்ணெய்க்குள்ள கொட்டுது. மேல் தூள் சீக்கிரமே கருகுது, வெட்டிப் பார்த்தா நடுவுல ஜில்லுன்னு இருக்கு. முட்டை அவிக்கிறதுலயும் மஞ்சள் கரு சில நேரம் நடுவுல ஈரமா நிக்குது.

கேஸ் அடுப்பு, 20 செ.மீ. நொன்ஸ்டிக் தவா, ஒரு தாச்சி இருக்கு. எண்ணெய்ச் சூடு பார்க்கக் கருவி எதுவும் இல்லை. 40க்கு அளவு சொன்னா நல்லது. தேங்காய் எண்ணெய்லயே பொரிக்கலாமா?

பேக்கரி மேசை

முதல்ல அளவு. சுருட்டும்போது சிலது கிழியத்தான் செய்யும், அதனால 45 பான்கேக்குக்குக் கணக்குப் போடுங்க.

பான்கேக்குக்கு 900 கிராம் கோதுமை மா, 4 முட்டை, 2 லீட்டர் திரவம் (பாதி பால், பாதி தண்ணி), 3 தேக்கரண்டி உப்பு, 4 மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெயை விட்டுடாதீங்க, மடிக்கும்போது கிழியாம வளையிறதுக்கு அதுதான் உதவி. மாவுல முட்டையையும் கால்வாசித் திரவத்தையும் ஊத்தி, கட்டி இல்லாமக் கெட்டியாக் கரைச்ச பிறகு மிச்சத்தைச் சேருங்க. ஒரே தடவையில எல்லாத்தையும் ஊத்தினா கட்டி கட்டியா மிதக்கும், அப்புறம் வடிகட்டித்தான் ஆகணும். உங்க ஊர்ல குழாய்த் தண்ணி ஐஸ் மாதிரி வரும். வெதுவெதுப்பாக்கி ஊத்துங்க, கொதி தண்ணி வேண்டாம். கரைச்ச மாவை அரை மணி நேரமாவது மூடி வைக்கணும். மா தண்ணியை முழுசா இழுக்கிறதுக்கு அந்த நேரம் வேணும். ஊறாத மாவுல சுட்ட பான்கேக்தான் மடிப்புல வெடிப்பு விடும்.

20 செ.மீ. தவாவுக்கு ஒரு பான்கேக்குக்கு 60 மி.லீ., அதாவது 4 மேசைக்கரண்டி. நடுத்தரத் தீயில ஒரு பக்கம் மட்டும் சுடுங்க, 50 செக்கன்ல இருந்து ஒரு நிமிசம். மேல் ஈரம் வத்தி ஓரம் கிளம்பினா எடுத்துடலாம், திருப்பக் கூடாது. தீயைக் குறைச்சு ரெண்டு மூணு நிமிசம் விட்டா பான்கேக் காய்ஞ்சு அப்பளம் ஆயிடும். எடுத்ததை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஈரத் துணி போட்டு, மேல ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைங்க. சொந்த ஆவியிலேயே மெதுவாகும். நுவரெலியாவுல திறந்து வச்ச பான்கேக் பத்து நிமிசத்துல விறைச்சுப் போகும். அப்படி விறைச்சா தவாவுல அஞ்சு செக்கன் காட்டி எடுத்துச் சுருட்டுங்க.

உள்ளடக்கத்துக்கு 1¾ கிலோ கிழங்கு, அரைக் கிலோ பெரிய வெங்காயம், 400 கிராம் லீக்ஸ், 10 பச்சை மிளகாய், ரெண்டு நெட்டு கறிவேப்பிலை, 4 தேக்கரண்டி மிளகுத்தூள், 3 தேக்கரண்டி துண்டு மிளகாய், 1½ தேக்கரண்டி மஞ்சள், 4 தேக்கரண்டி உப்பு (ருசி பார்த்துக் கூட்டுங்க). அவிச்ச முட்டை 20, ஒவ்வொண்ணும் நெடுக்குவாட்டில ரெண்டாக. கடைகள்ல முட்டையை நாலாப் பிளந்து வைக்கிறது காசுக் கணக்குக்கு. வீட்டு ரோல்ஸுக்குப் பாதி முட்டை வைங்க.

இப்ப வெடிப்பு. ரோல்ஸ் வெடிக்கிறது உள்ளுக்குள்ள வர்ற நீராவியாலதான். ஆவி எங்க இருந்து வருது? ஈரக் கிழங்கு, தண்ணி வத்தாத லீக்ஸ், துடைக்காத முட்டை. லீக்ஸையும் வெங்காயத்தையும் அகலமான சட்டியில, மூடாம, பாத்திரத்துல தண்ணி முழுசா வத்துற வரைக்கும் வதக்குங்க. லீக்ஸ்ல தண்ணி நிறைய. கழுவினதை வடியவிட்டுத்தான் வெட்டணும். வெங்காயத்தோட உப்பையும் சேர்த்துப் போட்டுடுங்க, தண்ணி சீக்கிரம் வெளிய வந்து வத்தும். மசிச்ச கிழங்கைச் சேர்த்த பிறகும் ரெண்டு மூணு நிமிசம் தீயில கிளறி, கலவை சட்டியை விட்டுத் திரண்டு வந்தா போதும். நல்லா ஆறின பிறகுதான் சுருட்டணும். சூடாச் சுருட்டினா பான்கேக் ஆவியில ஊறிப் பிய்யும்.

அடுத்தது காத்து. கலவையை ஒரு ரோலுக்கு 55 கிராம் எடுத்து, உள்ளங்கையில நீட்டா அமுக்கிப் பிடிச்சு, அதுக்குள்ள முட்டையை வெட்டின பக்கம் கிழங்குல படியிற மாதிரி அழுத்துங்க. முட்டைக்கும் கிழங்குக்கும் நடுவுல இடைவெளி இருந்தா அங்கதான் ஆவி சேரும்.

பான்கேக்ல சுட்ட பக்கம் உள்ளுக்கு, சுடாத பக்கம் வெளிய. வெளுத்த பக்கம் கொஞ்சம் பிசுபிசுப்பா இருக்கிறதால பசையும் தூளும் நல்லாப் பிடிக்கும். கிட்ட இருக்கிற ஓரத்துல இருந்து 3 செ.மீ. தள்ளிக் கலவையை வச்சு, ஓரத்தை மேல மடிச்சு இறுக்கி, ரெண்டு பக்கத்தையும் உள்ள மடிச்சு, சுருட்டி, கடைசி ஓரத்துல மாப்பசை தடவி ஒட்டுங்க. ஒட்டின வாய் கீழ வர்ற மாதிரி தட்டுல வைங்க.

வெலிமடைக் கிழங்கு

மேல சொன்ன அளவெல்லாம் சரி. முட்டை ஏன் ஈரமா நிக்குது, வெளியில ஏன் முந்திக் கருகுதுங்கிற ரெண்டுக்கும் உங்க ஊரோட உயரமும் ஒரு காரணம்.

நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,868 மீற்றர். அங்க தண்ணி 94 பாகையிலேயே கொதிச்சுடும். ஹட்டன்ல 96, கண்டியில 98 கிட்ட வரும். கொதிக்கிற தண்ணி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனா சூடு வேற. அதனால கொழும்புக்காரங்க எழுதுற 9 நிமிசக் கணக்கு உங்களுக்குப் போதாது. கொதிக்கிற தண்ணியில முட்டையை மெதுவா இறக்கி 13 நிமிசம் விட்டு, உடனே பச்சத் தண்ணிக்கு மாத்துங்க. கொதி தண்ணியில போடுறதால ஓடும் சுலபமா வரும். நேத்து இட்ட முட்டை உரிக்கக் கஷ்டம், ஒரு வாரம் ஆனதை எடுங்க. உரிச்சு வெட்டினதும் துணியால ஒத்தி எடுக்க மறக்க வேண்டாம்.

கிழங்கு திறந்த சட்டியில அவிய நேரம் இழுக்கும். அது வரைக்கும் வெளிப்பக்கம் தண்ணி குடிச்சுக் கரையும், நடுவுல கட்டி நிக்கும். பிரஷர் குக்கர் இருந்தா இந்தத் தொல்லையே இல்லை. தோலோட, வெட்டாம, நடுத்தர அளவுக் கிழங்குக்கு நாலு விசில். குக்கர் இல்லைன்னாலும் தோலோடதான் அவிக்கணும். உரிச்ச பிறகு வெறும் சட்டியில ரெண்டு நிமிசம் குலுக்கினா மேல் ஈரம் போயிடும். சூட்டோட மசிங்க. ஆறின கிழங்கை மசிச்சா கட்டி நிக்கும், மிக்ஸியில போட்டா பசையாகும்.

பொரிக்கிறதுக்கு வழமையாச் சொல்ற 180 பாகை உங்க ஊருக்கு அதிகம். உயரத்துல ஈரம் குறைஞ்ச சூட்டிலேயே ஆவியாகிப் போறதால ரோலோட மேல்பக்கம் முந்திச் சிவக்கும், உள்ளுக்குச் சூடு போய்ச் சேராது. 170 பாகை வைங்க. கருவி இல்லாட்டி ஒரு சின்னச் சதுரப் பாண் துண்டைப் போட்டுப் பாருங்க. ஒரு நிமிசத்துல பொன்னிறமானா சரி. அரை நிமிசத்துல சிவந்தா தீயைக் குறைக்கணும்.

தூளையும் பாருங்க. கடையில வாங்குற ரஸ்க் தூள் ஏற்கெனவே சிவக்கச் சுட்டது. அது எண்ணெய்ல ரெண்டு நிமிசத்துல கருக்கும். ரெண்டு நாள் பழைய பாணை ஓரம் நீக்கிக் காய வச்சு அரைச்ச வெள்ளைத் தூளையும் ரஸ்க் தூளையும் பாதிக்குப் பாதி கலந்தா நிறமும் வரும், நேரமும் கிடைக்கும். 40க்கு 700 கிராம் வேணும். பனி நாள்ல தூள் காத்து ஈரத்தை இழுத்து நமுத்துப் போகும். நமுத்த தூள் திட்டுத் திட்டா ஒட்டிட்டு எண்ணெய்ல கழண்டுடும். வெறும் சட்டியில சின்னத் தீயில நாலஞ்சு நிமிசம் நிறம் மாறாம வறுத்து, ஆறவிட்டு, சலிச்சுப் பயன்படுத்துங்க.

லைன்வீட்டு அடுப்பு

தேங்காய் எண்ணெய் பற்றி யாரும் சொல்லலையே. பொரிக்கலாம், சூடாச் சாப்பிட்டா வாசமும் நல்லா இருக்கும். ஆனா அந்த எண்ணெய் 24 பாகைக்குக் கீழ உறைய ஆரம்பிக்கும். நுவரெலியாவுல போத்தலுக்குள்ளேயே வெள்ளையா நிக்கிறது தெரியும்தானே? ரோல்ஸ் ஆறினதும் மேல் தூள்ல இருக்கிற எண்ணெய்யும் அதே மாதிரி உறைஞ்சு, உதட்டுல மெழுகு பூசின மாதிரி ஒட்டும். பிறந்தநாள் வீட்டுல கேக் வெட்டி முடியிற வரைக்கும் ரோல்ஸ் ஆறித்தான் கிடக்கும். சூரியகாந்தி இல்லாட்டி சோயா எண்ணெய் வாங்குங்க. கீழ போற இடம்னா, கண்டி மாத்தளைப் பக்கம், தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் குறை அவ்வளவா இல்லை.

தூள் பிடிக்கிறதுக்கு முட்டை அடிச்சுத் தோய்க்கிறதுதான் நல்லதுன்னு என் அபிப்பிராயம். நிறமும் பளபளப்பும் வேற.

பேக்கரி மேசை

பத்து ரோல்ஸ்னா முட்டை சரி. நாற்பதுக்கு ஆறேழு முட்டை தோய்க்கிறதுக்கே போகும், அதோட முட்டைக் கோட்டிங் மெல்லிசு, மடிப்பு வாயை மூடாது. அதுக்கு மாப்பசைதான் சரி: 250 கிராம் கோதுமை மா, 475 மி.லீ. தண்ணி, ஒரு தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி மஞ்சள். இது ரோலைச் சுத்தி ஒரு தோல் மாதிரி நிக்கும், சின்னச் சின்ன ஓட்டையையும் அடைக்கும். நிறம் வேணும்னா அதுலயே ரெண்டு முட்டையை அடிச்சு ஊத்தி, தண்ணியை 100 மி.லீ. குறைங்க. ரெண்டு பேர் சொன்னதும் நடக்கும்.

ஒரு கை பசைக்கு, ஒரு கை தூளுக்கு. ரெண்டு கையாலயும் ரெண்டையும் தொட்டா விரல்லதான் கட்லட் சேரும். தூள்ல உருட்டினதும் உள்ளங்கையால மெதுவா அமுக்கி, ரெண்டு முனையையும் தனியாத் தூள்ல ஒத்துங்க. பெரும்பாலும் முனையிலதான் வாய் திறக்கும். பிறகு 20 நிமிசம் அப்படியே வைங்க, பசை தூளைப் பிடிச்சுக்கும்.

தாச்சியில ஒரு லீட்டர் எண்ணெய், ரோல் முழுசா மூழ்கணும். பாதி மூழ்கினா மூழ்காத பக்கம் தோல் இறுகாம அங்க வெடிக்கும். ஒரு தடவைக்கு நாலு போதும். ஆறு ஏழு போட்டா எண்ணெய் குளிர்ந்து தூள் எண்ணெய் குடிக்கும், பசை ஊறிக் கழண்டுடும். போட்டதும் அரை நிமிசம் தொடாதீங்க. மூன்றரை நாலு நிமிசத்துல எடுக்கலாம். உள்ளுக்கு எல்லாம் வெந்ததுதான், சூடு ஏறினாப் போதும். அதுக்கு மேல விட்டா நல்லாச் சுருட்டினதும் வெடிக்கும். ஒவ்வொரு ஈடுக்கும் நடுவுல உதிர்ந்த தூளைச் சல்லடையால அள்ளுங்க. அதுதான் கருகி அடுத்த ஈட்டுல கறுப்புப் புள்ளியா ஒட்டுது.

கொழுந்துக்கூடை (நுவரெலியா)

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒண்ணு: விருந்து பின்னேரம் நாலு மணிக்கு. முந்தின நாளே செஞ்சு ஃப்ரீசர்ல போட்டு வைக்கலாமா?

வெலிமடைக் கிழங்கு

ஃப்ரீசர் வேண்டாம் தங்கச்சி. மீன் ரோல்ஸ்னா சரி. அவிச்ச முட்டையோட வெள்ளைக்கரு உறைஞ்சு இளகினா ரப்பர் மாதிரி ஆகித் தண்ணி விடும். அந்தத் தண்ணிதான் திரும்ப எண்ணெய்ல வெடிக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் கிழங்குக் கலவையைச் செஞ்சு ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜ்ல வைங்க. முட்டையையும் அவிச்சு, ஓட்டோடயே ஃப்ரிட்ஜ்ல. குளிர் ஊர்தானேன்னு கலவையை மேசையிலயே ராத்திரி முழுக்க விடாதீங்க, 15 பாகை குளிர் ஃப்ரிட்ஜுக்குச் சமம் இல்லை. ஞாயிறு காலையில பான்கேக் சுட்டு, மத்தியானத்துக்குள்ள சுருட்டித் தூள்ல உருட்டி, ஈரம் படாத மாதிரி மூடி ஃப்ரிட்ஜ்ல அடுக்குங்க. ரெண்டே கால் மணிக்கு வெளிய எடுங்க. ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா எண்ணெய்க்குப் போனா நடு ஜில்லுன்னுதான் இருக்கும். மூணு மணிக்குப் பொரிக்கத் தொடங்கினா பத்து ஈடு, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும்.

பேக்கரி மேசை

பொரிச்சதைக் கம்பித் தட்டுல நிறுத்தி வைங்க, பேப்பர் மேல படுக்க வச்சா அடிப்பக்கம் நமுக்கும். சூட்டோட டப்பாவுல போட்டு மூடவே கூடாது. ஆறிப் போனதைச் சூடாக்கணும்னா ஒவன்ல 180 பாகையில 8 நிமிசம். மைக்ரோவேவ்ல தூள் சொதசொதன்னு ஆகும், முட்டையும் உள்ளுக்கே வெடிக்கலாம்.

லைன்வீட்டு அடுப்பு

மிஞ்சுற அஞ்சு பான்கேக்குக்குத் தேங்காய்ப்பூவும் சீனிப்பாகும் வச்சுச் சுருட்டிக் குடுங்க, பிள்ளைகள் ரோல்ஸுக்கு முந்தி அதைத்தான் முடிப்பாங்க. மாவுல உப்பு இருக்கிறதால பாகைக் கொஞ்சம் இனிப்பாவே வைங்க.