ராத்திரி 8 மணிக்கு மேல் புதுப் பக்கம் திறக்கவில்லை, ஆனால் பேண்ட்விட்த் மிச்சம் இருக்கிறது

கேபிள்காரன்:
வணக்கம். டெல்டா பக்கம் ஒரு சின்ன ஐஎஸ்பி. 1,200 வீடு, எல்லாம் ஜிபான் ஃபைபர். ராத்திரி 8 முதல் 11 வரை சுமார் 1,000 பேர் ஆன்லைனில் இருப்பார்கள். எல்லா வீட்டு ஃபைபரும் வந்து சேரும் ஓஎல்டி பெட்டிக்கு மேல் ஒரு மைக்ரோடிக் சிசிஆர்1036 ரூட்டர். வீடுகள் நெட்டில் நுழையும் பிபிபிஓஇ லாகினும் வேகக் கட்டுப்பாடும் அதில். அதற்கு மேல் டெபியன் போட்ட லினக்ஸ் சர்வர், 32 ஜிபி ரேம், நேட் மட்டும் அதன் வேலை, அதாவது பல வீடுகளின் உள் ஐபியைச் சில பப்ளிக் ஐபியாக மாற்றுவது. பிறகு எங்களுக்கு இணையம் தரும் அப்ஸ்ட்ரீம். வீடுகளுக்கு 100.64 வரிசை ஐபி, வெளியே போக ஒரு /28, அதாவது 16 பப்ளிக் ஐபி.

அப்ஸ்ட்ரீம் 3 ஜிபிபிஎஸ், உச்ச நேரத்தில்கூட 2.1ஐத் தாண்டுவதில்லை. இரண்டு பெட்டியிலும் சிபியு 40 சதவீதத்துக்குள். ஆனாலும் அந்த மூன்று மணி நேரம் வாடிக்கையாளர் போன் ஓயாது. ஓடிக்கொண்டிருக்கும் யூடியூப் ஓடும், வாட்ஸ்அப் கால் அறுபடாது, விட்டு வைத்த பிங்கில் ஒரு பாக்கெட்கூடத் தொலையாது. புதிதாக ஒரு பக்கம் திறந்தால் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். யுபிஐ ஆப் இரண்டாவது மூன்றாவது முயற்சியில்தான் எடுக்கும். நேட் சர்வரில் கான்ட்ராக் (நடப்பு இணைப்புகளைக் குறித்து வைக்கும் டேபிள்) எண்ணிக்கை பார்த்தால் 2,62,100 பக்கத்தில் நிற்கிறது. இது அதிகமா, சாதாரணமா?

இன்னொன்று: சில வீடுகளில் ஓரிரு வங்கித் தளமும் ஒரு அரசு போர்ட்டலும் எந்த நேரத்திலும் திறப்பதில்லை. அதே போனில் மொபைல் டேட்டாவில் திறக்கிறது. அப்ஸ்ட்ரீம்காரர் 5 ஜிபிபிஎஸ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?

பாக்கெட்பிரியன்:
எடுக்காதீர்கள் அண்ணா. உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. 2,62,100 என்பது உங்கள் உபயோகம் இல்லை, அது கூரை. லினக்ஸ் கெர்னல் கான்ட்ராக் டேபிளுக்குத் தானாக வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு 2,62,144. டேபிள் நிறைந்துவிட்டால் ஏற்கெனவே பதிவான இணைப்புகள் சுகமாக ஓடும், புது இணைப்பின் முதல் பாக்கெட் கீழே விழும். யூடியூப் ஓடுவதும் புதுப் பக்கம் திறக்காததும் இதனால்தான். கெர்னல் லாகைப் பாருங்கள், ‘டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்’ என்ற வரி கொட்டிக் கிடக்கும். இரண்டாம் முயற்சியில் யுபிஐ எடுப்பதற்கும் காரணம் உண்டு: டேபிள் நிறைந்தால் கெர்னல் இன்னும் உறுதியாகாத பழைய பதிவு ஏதாவது கிடைத்தால் அதைத் தள்ளிவிட்டு இடம் கொடுக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டு போன், ஒரு டிவி, ஒரு கேமரா உள்ள வீடு 250, 300 இணைப்பு வைத்திருப்பது சாதாரணம். 1,000 வீட்டுக்குக் கணக்குப் போட்டால் சரியாக அங்கே வந்து முட்டுகிறது.

முதலில் வரம்பை 10,48,576 ஆக்குங்கள். ஒரு பதிவுக்கு 300 பைட்டுக்குச் சற்று மேல், ஆகப் பத்து லட்சத்துக்கு 350 எம்பிகூட வராது. 32 ஜிபியில் அது ஒன்றுமே இல்லை. கூடவே ஹாஷ் அளவை, அதாவது பதிவுகளைத் தேட வசதியாகப் பிரித்து வைக்கும் அறைகளின் எண்ணிக்கையை, 2,62,144 ஆக்க வேண்டும், இதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். பழைய கெர்னலில் ஹாஷ் 65,536 ஆகவே நின்றிருக்கும். வரம்பை மட்டும் ஏற்றினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நீளமான வரிசையைத் தேட வேண்டி வந்து சிபியு ஏறும்.

அடுத்தது டைம்அவுட். நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கு லினக்ஸ் வைத்திருக்கும் ஆயுள் 4,32,000 நொடி, அதாவது 5 நாள். பவர் போய் அணைந்த டிவியின் இணைப்பு ஐந்து நாள் டேபிளில் உட்கார்ந்திருக்கும். அதை 7,440 நொடிக்கு இறக்குங்கள். 2 மணி 4 நிமிடம், நேட்டுக்கான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 5382 சொல்லும் குறைந்தபட்சம் அது. அதற்கும் கீழே போனால் போன் நோட்டிஃபிகேஷன், எஸ்எஸ்ஹெச் எல்லாம் சத்தமில்லாமல் செத்துப்போகும். மாற்றிய உடனே எண்ணிக்கை விழாது, ஏனென்றால் செத்த பதிவுகள் பழைய ஆயுளோடுதான் இருக்கும். விடியற்காலை 4 மணிக்கு ஒருமுறை டேபிளைத் துடைத்துவிடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. இந்த அளவுகளை கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கண்ட்ரோல் கோப்பில் எழுதி வைத்தாலும், பூட் ஆகும்போது கான்ட்ராக் மாட்யூல் பின்னால் ஏறினால் அந்த வரிகள் பிடிக்காது, மறுபடி 2,62,144க்கே வந்து நிற்கும். மாட்யூலை பூட்டிலேயே ஏற்றச் சொல்லி மாட்யூல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், ஹாஷ் அளவை மாட்யூல் அளபுருவாகக் கொடுங்கள். பிறகு பகலில் ஒருமுறை ரீபூட் செய்து சரிபாருங்கள், ராத்திரி 9 மணிக்குத் தெரிய வேண்டாம்.

கடைசியாக, உள் ஐபி வாரியாக எண்ணி முதல் பத்து பேரை எடுங்கள்.

கேபிள்காரன்:
லாகில் நீங்கள் சொன்ன வரிதான் பக்கம் பக்கமாக. நன்றி அண்ணா. முதல் பத்தில் ஒரு கடை மட்டும் 30,000 பதிவு வைத்திருக்கிறது, எல்லாம் வெளியே 23ஆம் போர்ட்டுக்கு. இது என்ன? இன்னொரு சந்தேகம், ஒரு பப்ளிக் ஐபிக்கு 75 வீடு விழுகிறது. போர்ட் போதுமா?

பாக்கெட்பிரியன்:
அந்தக் கடையில் கேமரா டிவிஆர் இருக்கும், அதில் மால்வேர் புகுந்து, 23ஆம் போர்ட்டில் டெல்நெட் (தொலைவிலிருந்து லாகின்) திறந்திருக்கும் சாதனங்களைத் தேடி ஸ்கேன் அடிக்கிறது. பதில் வராத எஸ்ஒய்என் (இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்) ஒன்று 120 நொடி டேபிளில் இருக்கும். நொடிக்கு 250 அடித்தால் எப்போதும் 30,000 நிற்கும், கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. மைக்ரோடிக்கிலேயே வெளியே போகும் 23, 2323 போர்ட்டை அடைத்துவிடுங்கள், ஒரு ஐபிக்கு 2,000 இணைப்பு என்று வரம்பு வையுங்கள். கடைக்காரரிடம் சொல்லி டிவிஆரின் பாஸ்வேர்டையும் ஃபர்ம்வேரையும் மாற்ற வையுங்கள். வெறும் ரீபூட்டில் அந்த வகை மால்வேர் போய்விடும், ஆனால் பழைய பாஸ்வேர்டு இருந்தால் திரும்ப வந்துவிடும்.

போர்ட் விஷயம். ஒரு ஐபியில் 64,512 போர்ட், 75 வீட்டுக்குப் பிரித்தால் 860. வீட்டுக்கு இவ்வளவு என்று பிளாக் ஒதுக்கும் சிஜிநேட் (ஐஎஸ்பி அளவிலான நேட்) பெட்டியில் இது இறுக்கமான அளவு. லினக்ஸ் அப்படி இல்லை. சேருமிடம் வேறாக இருந்தால் அதே போர்ட்டை மறுபடி கொடுக்கும். மோதல் வருவது ஒரே ஐபியின் ஒரே போர்ட்டுக்குப் போகும்போது மட்டும்தான். ஆகவே இப்போதைக்குப் போதும். ஆனால் நேட் விதியில் ‘பெர்சிஸ்டென்ட்’ போட்டிருக்கிறீர்களா? போடாவிட்டால் ஒரே வீட்டின் இணைப்புகள் வேறு வேறு பப்ளிக் ஐபியில் வெளியே போகும், வங்கி ஆப் பாதியில் லாகவுட் செய்யும்.

அந்த /28ஐ உங்களுக்கு ரூட் செய்து தந்திருந்தால் 16 ஐபியும் நேட்டுக்கு ஆகும், முதலும் கடைசியும் வீணில்லை. நேட் சர்வரில் அந்த /28க்கு ஒரு பிளாக்ஹோல் ரூட்டும் (வருவதை அப்படியே கொட்டிவிடும் வழி) வையுங்கள். இல்லையென்றால் வெளியிலிருந்து வரும் ஸ்கேன் பாக்கெட், டேபிளில் பொருந்தாமல், டிஃபால்ட் ரூட் வழியாக அப்ஸ்ட்ரீமுக்கே திரும்பி, டிடிஎல் (பாக்கெட்டின் தாவல் எண்ணிக்கை) தீரும்வரை இரண்டு பக்கமும் பந்தாடும். சின்ன தாக்குதல்கூட அந்த லிங்க்கில் பல மடங்காகத் தெரியும்.

ஓஎல்டி_காவலன்:
வங்கித் தளம் திறக்காதது தனி விவகாரம், எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட் தின்றுவிடும், 1500இல் 1492தான் மிச்சம். அந்த சர்வர் 1500 பைட் பாக்கெட் அனுப்புகிறது. உங்கள் பக்கத்திலிருந்து ‘பெரிதாக இருக்கிறது, உடைக்க வேண்டும்’ என்று ஐசிஎம்பி அறிவிப்பு போகிறது. பல வங்கிகளின் ஃபயர்வால் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்து வைத்திருக்கும், செய்தி போய்ச் சேராது. யூடியூப் தப்பிப்பது க்விக் நெறிமுறையால். அது சிறிய பாக்கெட்டில் தொடங்கி, போய்ச் சேருகிறதா என்று தானே பார்த்துக்கொள்ளும்.

அந்த வீட்டில் கணினியிலிருந்து, உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1464 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1492. 1464 போய், 1465 போகாவிட்டால் லைன் சரி, ஒரு டிசிபி பாக்கெட்டில் வைக்கும் தரவின் உச்ச அளவான எம்எஸ்எஸ்தான் பாக்கி. மைக்ரோடிக் பிபிபி புரொஃபைலில் ‘சேஞ்ச் டிசிபி எம்எஸ்எஸ்’ ஆன் செய்யுங்கள், 1452 ஆக வரும். சில வீடுகளில் மட்டும் என்கிறீர்களே, அந்த வீடுகள் வேறு புரொஃபைலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் ஃபயர்வாலிலும் ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள், வேண்டுமானால் நொடிக்கு இவ்வளவு என்று வரம்பு போதும்.

ஆறாம்_பதிப்பு:
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் வீடு 2,000 ஆகும்போது இதே இடத்துக்குத் திரும்ப வருவீர்கள். ஐபிவி6 கொடுங்கள். இந்தியாவில் ஐபி ஒதுக்கும் ஐரின் வழியாக /32 தொகுதி கிடைக்கும், வீட்டுக்கு /56 வீதம் ஒரு கோடியே 67 லட்சம் வீட்டுக்கு வரும். கூகுள், யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் ஐபிவி6இல் இருக்கின்றன. உங்கள் டிராஃபிக்கில் பெரும்பங்கு அவைதான். அவ்வளவும் நேட்டைத் தொடாமல் போகும். மைக்ரோடிக்கில் வீடுகளுக்கு ஐபிவி6 வரிசை தரும் டிஹெச்சிபிவி6 பிரிஃபிக்ஸ் டெலிகேஷன் பூல் ஒன்று உருவாக்கி, பிபிபி புரொஃபைலில் அதைக் குறிப்பிடுங்கள். ஐபிவி6 டிராஃபிக்கை நேட் சர்வர் வழியாகவே விட்டால் அங்கே அதற்கு ‘நோட்ராக்’ (டேபிளில் பதியாதே என்ற விதி) போடுங்கள், இல்லையென்றால் அதுவும் அதே டேபிளை நிரப்பும். எம்எஸ்எஸ் இங்கே 1432. சோர்வான வேலை வீட்டிலுள்ள ஃபைபர் பெட்டியான ஓஎன்யுதான்: பல மாடல்களில் ஐபிவி6 ஆஃப் ஆகவே வரும், சிலவற்றில் உள்ளே வரும் இணைப்பைத் தடுக்கும் ஃபயர்வாலும் ஆஃபில் இருக்கும். இரண்டையும் ஓஎல்டியிலிருந்து மொத்தமாக ஆன் செய்ய முடிகிறதா பாருங்கள்.

இன்றே செய்யக்கூடியது டிஎன்எஸ். வீடுகள் கூகுளின் 8.8.8.8ஐக் கேட்டால் ஒவ்வொரு கேள்வியும் நேட்டில் ஒரு பதிவு, 30 நொடி ஆயுள். நேட்டுக்கு உள்பக்கம் ஒரு அன்பவுண்ட் டிஎன்எஸ் சர்வர் வைத்து பிபிபிஓஇயில் அதைக் கொடுங்கள், அந்தப் பதிவுகள் பெருமளவு மறையும். 100.64.0.0/10க்கும் உங்கள் ஐபிவி6க்கும் மட்டும் பதில் சொல்லட்டும். உலகத்துக்குத் திறந்து வைத்தால் யாரோ ஒருவரைத் தாக்க உங்கள் சர்வரைப் பயன்படுத்துவார்கள்.

லாக்புக்:
ஒன்று விட்டுப்போயிற்று. டேபிளைப் பெரிதாக்கும் அதே நாளில் நேட் லாகையும் பாருங்கள். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பின் ஐஎஸ்பி உரிமம் ஐபி விவரப் பதிவை 2 ஆண்டு வைக்கச் சொல்கிறது. இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் 28 உத்தரவு 180 நாள் சிஸ்டம் லாக் கேட்கிறது, கடிகாரத்தை என்ஐசி அல்லது என்பிஎல் நேர சர்வரோடு இணைக்கவும் சொல்கிறது. பதிவில் பயனர் பெயர், உள் ஐபி, பப்ளிக் ஐபி, சோர்ஸ் போர்ட், சேருமிடம், தொடக்க முடிவு நேரம் இருக்க வேண்டும். ஒரே ஐபியில் 75 வீடு. போலீஸ் கடிதத்தில் போர்ட்டும் நேரமும் இல்லாமல் ஐபி மட்டும் இருந்தால் அவற்றைக் கேட்டு எழுத்தில் பதில் அனுப்புங்கள், ஊகத்தில் ஒரு பெயரைக் கொடுக்காதீர்கள். லினக்ஸ் சேருமிடம் மாறினால் போர்ட்டை மறுபடி கொடுக்கும் என்று மேலே சொன்னார்களே, அதனால் உங்களுக்குச் சேருமிட ஐபியும் தேவைப்படும். கடிதத்தில் இருப்பது இந்திய நேரமா யுடிசியா என்றும் கேளுங்கள். ஐந்தரை மணி நேரம் தப்பினால் சம்பந்தமே இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

லாகை நேட் சர்வரின் டிஸ்கிலேயே எழுதாதீர்கள், டிஸ்க் நிறைந்த ராத்திரி எதுவும் மிஞ்சாது. தனி பெட்டிக்கு அனுப்பி, மணிக்கு ஒரு கோப்பாக வெட்டிச் சுருக்கி வையுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஐபி, போர்ட், நேரத்தை எடுத்துக்கொண்டு அது எந்த வீடு என்று பின்னோக்கித் தேடிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் கிடைக்கவில்லை என்றால் லாக் அமைப்பு இன்னும் முடியவில்லை.

கேபிள்காரன்:
வரம்பு, ஹாஷ், 7,440 மூன்றும் போட்டுவிட்டேன். எம்எஸ்எஸ் பிரச்சினை உள்ள வீடுகள் எல்லாம் பழைய 20 எம்பி புரொஃபைல், அதில்தான் அந்த ஆப்ஷன் ஆஃபில் இருந்தது. அன்பவுண்ட் நாளை. ஐபிவி6க்கு ஓஎன்யு மாடல் பட்டியலோடு தனி இழை போடுகிறேன், ஆறாம்_பதிப்பு அங்கே வாருங்கள்.