கட்டற்ற எலக்ட்ரான் லேசர் நிலையங்களில் பெற்ற அனுபவங்கள்: துள்ளும் துடிப்புகளோடு வேலை செய்வது

முடுக்கி இயக்கப் பிரிவில் பணியாற்றும் உறுப்பினர்:

முடுக்கப்பட்ட எலக்ட்ரான் கற்றையிலிருந்து வலிமையான ஒளித் துடிப்புகளைப் பெறும் கட்டற்ற எலக்ட்ரான் லேசர் நிலையங்களில் பணியாற்றியவர்களும் அங்கே சோதனை நடத்தச் சென்றவர்களும் தத்தம் அனுபவங்களை இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரு ஆடிகளுக்கு நடுவே ஒளி போய்ப் போய் வந்து வலுப்பெறுவதுதான் லேசர் என்ற எண்ணத்தோடு இந்தத் துறைக்குள் வந்தவன் நான். கட்டற்ற எலக்ட்ரான் லேசர் பற்றி இயற்பியலாளர் ஜான் மேடி 1971-இல் முன்வைத்த கருத்தும், அதைத் தொடர்ந்து 1977-இல் ஸ்டான்ஃபோர்டில் 3.4 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அலைநீளத்தில் இயங்கிய கருவியும் அந்த வகைதான். எக்ஸ் கதிருக்கு அப்படிப்பட்ட ஆடிகளை அமைப்பது மிகவும் கடினம் என்பதால், ஒளி அண்டுலேட்டர் (எலக்ட்ரான்களை அலையாக நெளியச் செய்யும் காந்த அமைப்பு) வரிசையை ஒரே ஒரு முறை கடக்கும்போதே முழு வலுவையும் எட்டியாக வேண்டும். எலக்ட்ரான்கள் தாறுமாறாக உமிழும் இரைச்சல்தான் தொடக்கம். அந்த ஒளியே எலக்ட்ரான்களை அலைநீள இடைவெளியில் மெல்லிய தட்டுகளாக அடுக்கிவிடுகிறது. அடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் ஒருமித்து உமிழ, ஒளி மடங்கு மடங்காகப் பெருகுகிறது.

இதன் விளைவைக் கட்டுப்பாட்டு அறையில் நாள்தோறும் பார்க்கிறோம். துடிப்பின் ஆற்றலைக் காட்டும் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்ததும் ஏதோ பழுது என்றே முடிவுகட்டுகிறார்கள். ஒரு பங்கு முடுக்கியின் குறைதான், அதை மறுக்கவில்லை. அலைநீளம் எலக்ட்ரான் ஆற்றலின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், ஆற்றல் 0.1 சதவீதம் நகர்ந்தால் அலைநீளம் 0.2 சதவீதம் நகர்ந்துவிடும். ஆனால் முடுக்கியை எவ்வளவு நிலைநிறுத்தினாலும், இரைச்சலில் பிறந்த ஒளிக்குத் துடிப்புக்குத் துடிப்பு வேறுபாடு இருந்தே தீரும். இதை அடக்கப் பார்ப்பதா, அளந்து பதிந்துகொண்டு அதோடு வாழ்வதா என்பதில் நம் துறையினர் இன்னமும் இரண்டு பட்டே நிற்கிறார்கள். நான் இரண்டாம் கட்சி.

காந்த அளவீட்டிலும் சீரமைப்பிலும் பணியாற்றிய உறுப்பினர்:

துள்ளலைப் பற்றிப் பேசுவதற்கு முன், ஒளி வர வேண்டுமே! அமெரிக்காவின் எஸ்.எல்.ஏ.சி. ஆய்வகத்தில் 2009 ஏப்ரலில் எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ் கதிர் லேசர் முதன்முதலாக 1.5 ஆங்ஸ்ட்ராம் (0.15 நானோமீட்டர்) அலைநீளத்தில் ஒளிர்ந்தது. அதன் அண்டுலேட்டரில் காந்தங்கள் 3 செ.மீ. இடைவெளியில் திரும்பத் திரும்ப அமைந்தவை. மொத்த வரிசை நூறு மீட்டரைத் தாண்டும். அவ்வளவு தொலைவுக்கும் எலக்ட்ரான் கற்றை சில மைக்ரோமீட்டருக்குள் நேராகச் செல்லாவிட்டால், ஒளியும் எலக்ட்ரான்களும் ஒன்றின்மேல் ஒன்று படியாமல் விலகி, பெருக்கம் நின்றுவிடும். எந்த நில அளவைக் கருவியும் அந்தத் துல்லியத்தைத் தருவதில்லை என்பதால், கற்றையையே அளவுகோலாகப் பயன்படுத்துகிறோம்.

அந்த முறையை நேரில் பார்த்தால்தான் அதன் நயம் தெரியும். எலக்ட்ரான் ஆற்றலை வேண்டுமென்றே பாதிக்கும் கீழே இறக்கி, காந்தங்களைத் தொடாமல், கற்றை செல்லும் பாதையை மறுபடி அளப்போம். பாதை உண்மையிலேயே நேராக இருந்தால், அதாவது அதை வளைக்கும் புலம் எங்குமே இல்லையென்றால், ஆற்றல் குறைந்தாலும் பாதை மாறாது. எங்கேயாவது கற்றையைக் குவிக்கும் ஒரு நான்முனைக் காந்தம் மையம் விலகியிருந்தாலோ, பூமியின் காந்தப்புலம் சரியாக மறைக்கப்படாமல் கசிந்திருந்தாலோ, குறைந்த ஆற்றலில் அவ்விடத்தின் வளைவு பெரிதாகித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பல ஆற்றல்களில் அளந்து, கணக்கிட்டு, காந்தங்களை நகர்த்தி, மீண்டும் அளப்போம். சுரங்கத்தின் வெப்பநிலை சிறிது ஏறினாலும் நிரந்தரக் காந்தங்களின் வலிமை மாறிவிடும் என்பதால், அதையும் மாறாமல் காக்க வேண்டியிருக்கிறது.

எலக்ட்ரான் துப்பாக்கிப் பிரிவைச் சேர்ந்த உறுப்பினர்:

எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. எல்.சி.எல்.எஸ். இயக்கத்துக்கு வந்த காலத்தில், கற்றையின் அகலத்தை அளக்க அதன் வழியில் மெல்லிய உலோகத் தகடுகளைச் செருகி, அவற்றிலிருந்து வரும் ஒளியைக் கேமராவில் பிடித்தார்கள். எலக்ட்ரான் கொத்தை நீளவாக்கில் நெருக்கிய பிறகு அந்த ஒளி எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பிரகாசமாகி, படத்தை நம்பவே முடியாதபடி ஆகிவிட்டது. கொத்துக்குள் தானாகவே உருவான நுண்ணிய அடுக்குகள் கண்ணுறு ஒளியிலேயே ஒருமித்து உமிழ்ந்ததுதான் காரணம். அதனால் நெருக்கிய கற்றைக்கு மெல்லிய கம்பியைக் குறுக்கே ஓட்டி அளக்கும் முறையையே நம்ப வேண்டியதாயிற்று. அந்த வேண்டாத அடுக்குகளைக் குலைக்க, ஒரு லேசரைக் கொண்டு கற்றையைச் சற்றே 'சூடாக்கும்' சாதனமும் தேவைப்படுகிறது. நல்ல கற்றையை உருவாக்கிவிட்டு, அதையே கொஞ்சம் கெடுத்தால்தான் நல்ல ஒளி கிடைக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

எக்ஸ் கதிர் ஒளியியலில் பணியாற்றும் உறுப்பினர்:

முதலில் எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு குறுகிய நிறப்பட்டையை மட்டும் கடத்தும் ஒற்றை நிறமாக்கியின் பின்னால் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இந்தத் துள்ளல் பெருந்தொல்லை. துடிப்பின் நிறமாலையில் கூர்மையான முனைகள் பல இருக்கும். எந்த முனை எங்கே வரும் என்பது ஒவ்வொரு முறையும் வேறு. நிறமாக்கியின் குறுகிய சாளரத்துக்குள் ஒரு துடிப்பில் முனை விழும், அடுத்ததில் விழாது. மொத்த ஆற்றல் ஓரளவு நிலையாக இருந்தாலும், எங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லாததிலிருந்து உச்சம் வரை ஊசலாடும். இதை அடக்க வழி உண்டு: 2012-இல் எல்.சி.எல்.எஸ்.-இல் அண்டுலேட்டர் வரிசையின் நடுவே ஒரு மெல்லிய வைரப் படிகத்தை வைத்து, முற்பாதியின் ஒளியை அதனால் வடிகட்டி, பிற்பாதியில் பெருக்கம் தொடங்குவதற்கான விதையாக்கினார்கள். நிறமாலை பல பத்து மடங்கு குறுகியது. இத்தாலியின் ட்ரியெஸ்டேயில் உள்ள ஃபெர்மி நிலையத்தில் வெளியிலிருந்து ஒரு லேசரையே விதையாகக் கொடுக்கிறார்கள். அங்கே எட்டும் அலைநீளங்கள் நீளமானவை என்றாலும், நிறம் இவ்வளவு ஒழுங்காக வருவதைப் பார்த்த பிறகு இரைச்சலுக்குத் திரும்ப மனம் வருவதில்லை.

புரதப் படிகங்களை ஆராயும் பயனாளர்:

எங்களைப் போன்றவர்களுக்கு நிறத்தின் தூய்மை முதல் கவலை அன்று. நுண்படிகங்கள் கலந்த திரவத்தை மெல்லிய தாரையாகப் பாய்ச்சுகிறோம். ஒவ்வொரு துடிப்பும் தான் தொட்ட படிகத்தை அழித்துவிடுகிறது, ஆனால் அது சிதறுவதற்கு முன்பே சில பத்து ஃபெம்டோ விநாடிகளில் (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு) அணு அமைப்பைக் காட்டும் விளிம்பு விளைவுப் படம் பதிவாகிவிடுகிறது. படிகத்தின் அளவு, திசை, துடிப்பின் ஆற்றல் எல்லாம் படத்துக்குப் படம் வேறு என்பதால், ஆயிரக்கணக்கான படங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தே தீர வேண்டும். அந்தக் கணக்கில் துள்ளலும் கரைந்துபோகிறது. எங்களுக்கு உறுத்துவது மாதிரியின் விரயம். விநாடிக்கு 120 துடிப்புகள் வரும் நிலையத்தில், விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடும் தாரை இரு துடிப்புகளுக்கு நடுவே 8 செ.மீ.க்கு மேல் வீணாக ஓடிவிடுகிறது. மாதக்கணக்கில் தயாரித்த புரதம் குழாய் வழியே வடிந்து கழிவுக் கலத்தில் சேர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதல்ல.

முடுக்கி இயக்கப் பிரிவு உறுப்பினர் மீண்டும்:

வைரப் படிகம் பற்றி எழுதியவருக்கு: நிறம் குறுகியது உண்மைதான், ஆனால் அந்தப் பயன்முறையில் துடிப்பின் ஆற்றல் இன்னும் கூடுதலாகத் துள்ளுகிறதே? ஒரு வகை ஏற்ற இறக்கத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருக்கிறோம். பயனாளர் நண்பருக்கு: 2017-இல் பயனாளர்களுக்குத் திறக்கப்பட்ட ஜெர்மனியின் ஐரோப்பிய எக்ஸ்.எஃப்.இ.எல். நிலையம் விநாடிக்கு 27,000 துடிப்புகள் வரை தரவல்லது. ஆனால் அவை சீராக வருவதில்லை. விநாடிக்கு 10 தொடர்கள், தொடருக்கு 2,700 வரை என மில்லிவிநாடிக்கும் குறைவான நேரத்துக்குள் அடைந்து வருகின்றன. தாரையை முன்னைவிடப் பல மடங்கு வேகமாக ஓட்டாவிட்டால், முந்தைய துடிப்பு கிழித்த இடத்திலேயே அடுத்ததும் விழும். அங்குள்ள ஏஜிப்பிட் என்ற படம் பதியும் உணர்கருவி ஒரு தொடரில் 352 படங்களை மட்டுமே தேக்கி வைக்கும். ஒவ்வொரு துடிப்பையும் அளந்து பதிய வேண்டும் என்று வாதிடும் என் கட்சிக்கு இதுதான் இப்போதைய தலைவலி. விநாடிக்குப் பத்து லட்சம் துடிப்புகளை இலக்காகக் கொண்டு 2023-இல் முதல் ஒளியைத் தந்த எல்.சி.எல்.எஸ்.-2-இல் வேலை செய்பவர்கள், எதைப் பதிவது, எதை அந்தக் கணமே எறிவது என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை இங்கே எழுதினால் நன்றாக இருக்கும்.