பித்தநாளத்தில் கல் இல்லை, விரிவு 9 மி.மீ., பித்தத்தில் அமைலேஸ் 3,400: கணையநீர் ஏறுகிறதா?

வலதுவிலா:
46 வயதுப் பெண், பித்தப்பையில் பல சிறு கற்கள். பொதுப் பித்தநாளம் 9 மி.மீ. பிலிருபின், ஏஎல்பி (பித்த அடைப்பில் உயரும் நொதி), சீரம் அமைலேஸ் (கணையநீரில் உள்ள செரிமான நொதியின் ரத்த அளவு) எல்லாம் நார்மல். எம்ஆர்சிபியில் (பித்த, கணைய நாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ) நாளத்தில் கல் தெரியவில்லை. லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்கும்போது உறிஞ்சிய பித்தத்தில் அமைலேஸ் 3,400 யூனிட்/லிட்டர். கணையநீர் மேலே ஏறுகிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா? நாளம் விரிந்ததற்கும் அதுவே காரணமா?

சோதனைக்குழாய்:
முதலில் மாதிரி நம்பகமானதா என்று பாருங்கள் டாக்டர். பித்தம் பிசுபிசுப்பானது, மியூக்கஸ் வேறு இருக்கும். அப்படியே மெஷினில் வைத்தால் பிப்பெட் சரியான அளவு எடுக்காது. சென்ட்ரிஃப்யூஜ் செய்து, சலைனில் பத்து மடங்கும் இருபது மடங்கும் நீர்த்து, இரண்டையும் ஓட்டச் சொல்லுங்கள். பெருக்கிய விடைகள் ஒத்துவந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. கூடவே லைபேஸும் (கணையத்தின் இன்னொரு நொதி) கேளுங்கள். அது உயர்ந்திருந்தால் கணையத்திலிருந்து வந்தது என்ற வாதம் வலுக்கும். முன்னதாக ஈஆர்சிபி (எண்டோஸ்கோப் வழியாக நாளங்களுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுப்பது) நடந்திருந்தால், அல்லது கான்ட்ராஸ்ட் சாயம் செலுத்திய பிறகு பித்தம் எடுத்திருந்தால், இந்த முடிவை விட்டுவிடலாம்.

இன்னொன்று: சிஸ்டிக் நாளத்தில் (பித்தப்பையைப் பொதுப் பித்தநாளத்தோடு இணைப்பது) கல் அடைத்திருந்தால் பித்தப்பைக்குள் கணையநீர் வரவே வழியில்லை. அங்கே அமைலேஸ் குறைவாக இருப்பதை வைத்து 'ரிஃப்ளக்ஸ் (கணையநீர் மேலேறுவது) இல்லை' என்று எழுதக் கூடாது.

கணையப்பிரிவு:
எண் சரி என்றால், ரிஃப்ளக்ஸ் இருக்கிறது என்று சொல்லலாம். சாதாரணமாக பித்தத்தில் அமைலேஸ் ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவு. கணைய நாளத்தின் அழுத்தம் பித்தநாளத்தைவிட அதிகம். இரண்டையும் பிரித்துக் காப்பது, அவை சிறுகுடலில் திறக்கும் முனையில் உள்ள ஓடி (Oddi) சுருக்குத்தசைதான். அது தளர்ந்தாலோ, முனையில் கல் சிக்கி இரண்டு நாளமும் ஒரே குழாயாக மாறினாலோ, கணையநீர் பித்தநாளத்துக்குள் ஏறும். (1901-இல் அமெரிக்க நோயியலாளர் ஓப்பி சொன்னது இதற்கு எதிர்த்திசை: சிக்கிய கல்லால் பித்தம் கணையத்துக்குள் போவது.) சிறு கற்கள் அடிக்கடி கடந்துபோய் முனையைப் புண்ணாக்கினாலும் தசையின் வேலை கெடும்.

விரிவுக்குக் காரணம் ரிஃப்ளக்ஸ் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். கடந்துபோன கல், ஆம்புல்லாவில் (இரு நாளங்களும் குடலில் திறக்கும் முனை) கட்டி, ஓபியாய்ட் மருந்துகள் எல்லாமே விரிக்கும். முனைச் சுருக்கம் நாளத்தையும் விரிக்கும், ரிஃப்ளக்ஸையும் உண்டாக்கும். அப்போது இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகள், ஒன்றுக்கு ஒன்று காரணமல்ல.

படம்பார்ப்பவர்:
எம்ஆர்சிபியை மறுபடி திறந்து சந்திப்பை மட்டும் பாருங்கள். இரு நாளங்களும் சிறுகுடல் சுவருக்கு வெளியே சேர்கின்றனவா? பொதுக் குழாய் பெரியவர்களில் சில மி.மீ.தான் இருக்கும். 15 மி.மீ.க்கு மேல் நீண்டு, தசையின் பிடிக்கு வெளியே சேர்ந்தால் அது பிறவிச் சந்திப்புக் கோளாறு. அதில் பித்த அமைலேஸ் பெரும்பாலும் 10,000-ஐத் தாண்டும். உங்கள் 3,400 அதற்குக் குறைவு, ஆனால் படம் பார்க்காமல் ஒதுக்க முடியாது. 5 மி.மீ.க்குக் குறைந்த கல்லை எம்ஆர்சிபி தவறவிடலாம். இயூஎஸ் (எண்டோஸ்கோப் வழி அல்ட்ராசவுண்ட்) செய்தால் கல், ஆம்புல்லா, சந்திப்பு மூன்றும் ஒரே தடவையில் தெரியும். நோயறிய மட்டும் ஈஆர்சிபி வேண்டாம். கணைய அழற்சி வரும் ஆபத்துக்கு அது ஈடாகாது.

வலதுவிலா:
நீர்த்து மறுபடி ஓட்டினார்கள்: 3,250, 3,310. லைபேஸும் உயர்வு. சந்திப்பு சுவருக்குள்ளேதான், பொதுக் குழாய் 4 மி.மீ. பித்தப்பை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இனி?

கணையப்பிரிவு:
பித்தப்பையை நீளவாக்கில் திறந்து, சளிச்சவ்வு தடித்த இடங்களிலிருந்தும் சிஸ்டிக் நாள விளிம்பிலிருந்தும் துண்டுகள் எடுக்கச் சொல்லுங்கள். கணைய பாஸ்ஃபோலைபேஸ் பித்தத்தில் உள்ள லெசித்தினை லைசோலெசித்தினாக மாற்றும். அது சவ்வை நாட்பட அரிக்கும், செல்கள் பெருகும், டிஸ்பிளேசியாவும் (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) வரலாம். ஒற்றைத் துண்டோடு 'நாட்பட்ட அழற்சி' என்று ரிப்போர்ட் வந்தால் ஏற்காதீர்கள்.

சந்திப்புக் கோளாறு இல்லாததால் நாளத்தை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. இயூஎஸ் ஒருமுறை. அதில் ஒன்றும் இல்லை என்றால், ஆறு மாதத்தில் அல்ட்ராசவுண்ட், ஏஎல்பி, ஜிஜிடி (ஏஎல்பி போன்ற இன்னொரு நொதி). பித்தப்பை எடுத்தவர்களுக்கு நாளம் 10 மி.மீ. வரை விரிவது சகஜம். நாள விரிவு மேலே ஏறிக்கொண்டே போனாலோ ஏஎல்பி உயர்ந்தாலோ, மறுபடி ஆம்புல்லாவைத் தேடுங்கள்.