கண்ணை மூடினால் எனக்கு இருட்டு மட்டும்தான்

கல்லடிவாசி:
சின்ன வயதில் கரண்ட் போனால் அம்மம்மா முற்றத்தில் பாயை விரித்துப் பேய்க்கதை சொல்வார். மச்சான், மச்சாள்மார் எல்லாரும் அவரின் சேலைக்குள் ஒளிய, நான் மட்டும் "மறுகா என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். துணிஞ்ச புள்ள என்று பெயர். துணிவெல்லாம் இல்லை, நாய் குரைத்தாலே மதில் ஏறுகிறவன் நான். கதையில் வந்த பேய் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"மனக்கண்ணில் தெரிகிறது" என்பதை வெறும் பேச்சு வழக்கு என்றே முப்பது வயது மட்டும் நம்பியிருந்தேன். போன வருடம் மனைவியிடம் கேட்டேன், கல்லடிப் பாலத்தை நினைத்தால் உண்மையிலேயே பாலம் தெரியுமா என்று. "ஓம், கீழே தோணிகூடத் தெரியும்" என்றாள். எனக்குப் பழைய பாலம் இரும்பு, பக்கத்தில் புதியது, கீழே வாவி என்று விபரம் தெரியும். படம் வராது.

இதற்கு அஃபன்டேசியா என்று பெயர். 2015இல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் கூட இருந்தவர்களும் வைத்தது. 2021இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு ஒன்றை வாசித்தபோது அம்மம்மாவின் முற்றம்தான் ஞாபகம் வந்தது. இருட்டறையில் இருத்தி, சுறா துரத்துவது, விமானம் விழப்போவது போன்ற கதைகளைத் திரையில் வாசிக்கக் கொடுத்து, பயத்தில் வியர்க்கிறதா என்று தோலில் கம்பி பொருத்தி அளந்திருக்கிறார்கள். படம் தெரிகிற 24 பேரிடம் கதை போகப்போக அளவு ஏறியது. எங்கள் கூட்டம் 22 பேர், கோடு கிட்டத்தட்ட அசையவே இல்லை. ஆனால் பயங்கரமான படங்களை நேரே காட்டியபோது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறியது.

அப்பா போனபோது மாமி ஒருவர் என்னைக் கல்லு மனசு என்றார். நான் அழவில்லை, உண்மைதான். ஒரு மாதம் கழித்து ஒரு அலுவலுக்கு அவரின் அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்கப் போனேன். மெஷினுக்குள்ளிருந்து அவரின் முகம் மெல்ல வெளியே வந்தது. கடைக்காரப் பொடியன் கதிரை தந்து, தண்ணீர் தந்து, காசும் வாங்கவில்லை.

அக்கரைப்பற்று உம்மா:
சகோதரர், உங்களுக்குக் கிடைத்தது ரஹ்மத் என்றுதான் சொல்வேன். என் மகனின் ஸ்கூல் வேன் பத்து நிமிடம் பிந்தினால் போதும், வேன் கவிழ்ந்து கிடக்கும், ரோட்டில் ஒற்றைச் சப்பாத்துக் கிடக்கும். சப்பாத்தின் லேஸ் அவிழ்ந்திருப்பதுகூடத் தெரியும்! கைகால் குளிர்ந்துவிடும். அவன் கேற்றைத் திறந்து "உம்மா பசிக்குது" என்று வந்து நின்ற பிறகும் அரை மணித்தியாலம் நெஞ்சு அடங்காது. பொய் என்று தெரியும், அது உடம்புக்கு விளங்காதாம். வாப்பா "யோசிக்காதே" என்பார். யோசித்தால்தானே நிறுத்துவதற்கு?

திருக்கோவில் வயற்காரன்:
எல்லாவற்றையும் படத்தின் தலையில் போடாதீர்கள். எனக்குப் படம் மங்கல்தான், சத்தம்தான் ஆளைக் கொல்லும். இரண்டு போகத்துக்கு முன் வாடியில் காவல் இருந்த இரவு யானை வந்தது. கும்மிருட்டு, யானையை நான் காணவே இல்லை. வேலிக்கட்டை முறிந்த சத்தமும் அது மூச்சு விட்டதும் மட்டும்தான். இப்போது எங்கேயோ தூரத்தில் யானைவெடி கேட்டாலே உள்ளங்கை நனைகிறது. டிஸ்கவரியில் யானை பார்த்தால் ஒன்றும் இல்லை, சோறு இறங்கும். கல்லடிவாசிக்குச் சத்தமாவது மனதில் கேட்குமா?

கல்லடிவாசி:
இல்லை அண்ணன், அதுவும் கேட்காது. அப்பாவின் குரல் வட்ஸ்அப்பில் ஒன்று இருக்கிறது, வரும்போது தேங்காய் வாங்கி வரச் சொல்லி, பதினொரு செக்கன். அவர் போன பிறகு இன்னும் அமத்திக் கேட்கவில்லை.